கம்மந்தான் பெற்ற தங்கப் பதக்கம்

(இரண்டாமாண்டு இளநிலை அறிவியல், இயற்பியல் பிரிவு மாணவர்)

பதக்கம் என்றதும் நம் கல்லூரி மாணவர்க்கு விளையாட்டு விழாதான் நினைவுக்கு வரும். நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவனின் கழுத்தில் முதல்வர் அவர்கள் அணிவிப்பாரே, அது. படைவீரர்க்கு அளிக்கும் பதக்கத்தின் கதை வேறு. அதிலும் ஒருவகை உண்டு. வீரச்செயல் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகள் குற்றம் குறையின்றி ஊழியம் பார்த்தான் என்பதற்காகவே அதனைக் கொடுப்பார்கள்.

ஜெர்மானிய நாடுகளில் பெரியதான பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் 1825ஆம் ஆண்டு இப்படியொரு சின்னத்தை ஏற்படுத்தினார். சிப்பாய்கள் 9 ஆண்டு நிறைத்தால் இரும்பு, 15 ஆண்டுக்கு வெள்ளி, 21 ஆண்டுக்குப் பொன்னிறம். அதிகாரிகள் 25 ஆண்டு நிறைத்தால் சிலுவை வடிவச் சின்னம். இங்கிலாந்தில் 1830இல் நெடுநாள் ஊழியப் பதக்கம் வந்தது. நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி, நெடுங்காலம் உண்மையாக உழைத்த இந்திய அதிகாரிகளுக்கென்று 1837இல் ஒரு விருதை உண்டாக்கியது. சர்க்கார் அலுவலகத்தில் ஆண்டு ஊதிய உயர்வு கொடுப்பது போல, வருடத்தை எண்ணிக் கொடுக்கிற ஏற்பாடுகள் இவை.

இந்த ஏற்பாடுகள் எவையும் வருவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, இராமநாதபுரம் சீமையில் பிறந்த ஒரு தமிழருக்குக் கம்பெனி தங்கப் பதக்கம் கொடுத்தது. பெற்றவர் பெயர் முகம்மது யூசுப் கான். பிறந்தபோது இட்ட பெயர் மருதநாயகம் என்பது வழக்கு. கொடுத்த கையே பத்தாண்டுக்குள் அவரைத் தூக்கு மரத்துக்கு அனுப்பியது. அறிவியல் மாணவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். திருச்சியும் தஞ்சையும் நெல்லும் வருகிற கதையை இந்த மண்ணில் பிறந்த எவனும் படிக்கலாம் என்பதே என் விடை.

1725ஆம் ஆண்டை ஒட்டி, பனையூர் என்னும் சிற்றூரில் வேளாளர் குடும்பத்தில் அவர் பிறந்தார் என்பர். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறினார், இஸ்லாத்தைத் தழுவினார், புதுச்சேரியில் ஐரோப்பியரிடம் வேலை பார்த்தார். இந்தப் பகுதியில் செய்தியைவிடக் கதைகளே மிகுதி. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கதைகள். ஆகவே விரைந்து கடந்துவிடுவோம். உறுதியாகத் தெரிவது இது: 1752ஆம் ஆண்டளவில், கர்நாடகப் போரில் ராபர்ட் கிளைவின் படையில் அவர் ஒரு சிப்பாய்க் கூட்டத்தின் தலைவராக இருந்தார். படிப்பில்லை, பின்னால் நிற்கப் பெரிய குடும்பமில்லை. ஐரோப்பியப் போர்முறையைக் களத்திலேயே கற்றுக்கொண்டார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் என்ற முறையில், இந்த இடத்தில் எனக்கு அவர்மீது ஒரு தனிப் பரிவு உண்டாவதை மறைக்க விரும்பவில்லை.

அக்காலத் தமிழகத்தின் நிலையைச் சற்றே நினைவுபடுத்திக் கொள்வோம். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகம்மது அலி ஒருபுறம், சந்தா சாகிபு மறுபுறம். முன்னவருக்கு ஆங்கிலேயர் துணை, பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. 1752 ஜூன் மாதம் சந்தா சாகிபு தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அகப்பட்டுத் தலையிழந்தார். அத்தோடு சண்டை தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் முகம்மது அலி தமக்குத் துணைவந்த மைசூர்க்காரர்களுக்குத் திருச்சியையே தருவதாக முன்பு வாக்களித்திருந்தார். பிறகு கொடுக்க மறுத்தார். கொதித்தெழுந்த மைசூர்த் தளவாய் நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்துகொண்டார். ஸ்ரீரங்கத்தில் அவர்கள் படை இறங்கியது. திருச்சிக் கோட்டைக்குள் ஆங்கிலேயரும் முகம்மது அலியின் ஆட்களும். 1753, 1754 என்று இரண்டு ஆண்டுகள் இந்த இழுபறி நீடித்தது.

கோட்டையைக் காப்பதற்கு வேண்டியவை பீரங்கியும் மருந்தும் மட்டுமா? சோறு வேண்டாமா? இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு 500 கிலோ. ஒரு பொதிமாடு ஏறத்தாழ 100 கிலோ சுமக்கும் என்றால் தினம் ஐந்து மாட்டுப் பொதி, மாதத்துக்கு 150. கோட்டையில் இருந்ததோ ஆயிரம் பேர் மட்டுமல்ல. குதிரை, மாடு, கூலியாட்கள், வேலைக்காரர்கள் என்று வாய்கள் ஏராளம். இத்தனையும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். என் தந்தையார் நெல் மூட்டை சுமப்பவர். ஒரு வண்டிப் பாரம் ஏற்றி இறக்க எத்தனை தோள்கள் வேண்டும் என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனையே இரவில், ஒலி எழாமல், எதிரியின் குதிரைப்படை சுற்றித் திரியும் வெட்டவெளியில் செய்ய வேண்டுமென்றால்?

உணவு வந்த திசைகள் இரண்டு. ஒன்று புதுக்கோட்டைத் தொண்டைமான் நாடு. மற்றொன்று நம் தஞ்சைச் சீமை. தஞ்சையின் நெல்தான் கோட்டையைத் தாங்குகிறது என்பதை எதிரிகளும் அறிந்திருந்தனர். 1754இல் பிரெஞ்சுப் படை கோவிலடிக்கு வந்து, காவிரி நீரைத் தஞ்சைக்குத் திருப்பிவிடும் பெருங்கரையை வெட்டிவிட்டது. நீர் கொள்ளிடத்தில் ஓடி வீணாகட்டும், தஞ்சை வயல் காயட்டும், மன்னர் பிரதாப சிங் பணியட்டும் என்பது அவர்கள் எண்ணம். பிறகு ஆங்கிலப் படை காவல் நிற்க, ஆட்களைக் கொண்டு கரையை அடைத்தார்கள். குறுவைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று கல்லணைப் பக்கம் கண்ணை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, கரையை வெட்டியவனின் கணக்கு நன்றாகவே விளங்கும்.

இந்த உணவுப் பாதையைக் காக்கும் பொறுப்புத்தான் யூசுப் கானிடம் வந்தது. ஆங்கிலப் படையின் தலைவர் மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ். இந்தியர்களை எளிதில் புகழாதவர், இவரைப் புகழ்ந்தார். துணிவுள்ளவர், ஆனால் பதறாதவர், கேட்டதை மறவாதவர், சூழ்ச்சியில் தேர்ந்தவர், பேச்சில் அடக்கமானவர் என்ற கருத்துப்பட எழுதி வைத்திருக்கிறார். எந்தப் பாதையில் எப்போது போகிறோம் என்பதை யூசுப் கான் கடைசி நேரம்வரை வெளியிடமாட்டாராம். ஒற்றர்களை நன்றாக வைத்திருந்தார். காடும் கண்மாயும் அவருக்கு மனப்பாடம். பாதுகாப்பு சற்றே தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1754 பிப்ரவரியே சான்று. அம்மாதம் ஒரு பெரிய உணவுத் தொடர் திருச்சிக்கு அருகில் எதிரியின் குதிரைப்படையிடம் முழுதுமாகச் சிக்கியது. உடன் வந்த ஆங்கிலேயக் கிரனேடியர் அணி, லாரன்ஸின் படையிலேயே சிறந்தது, அன்றோடு அழிந்தது.

இதனிடையே ஒரு சதியும் நடந்தது. லாரன்ஸிடம் இருந்த துபாஷி ஒருவருக்கு யூசுப் கானின் வளர்ச்சி கண்ணை உறுத்தியது. கோட்டையைக் காட்டிக்கொடுக்க யூசுப் கான் மைசூராரோடு பேசி முடித்துவிட்டார் என்று காட்டும் பொய்க் கடிதம் ஒன்று ஏற்பாடாகி, ஆங்கிலேயர் கையில் அகப்படும்படி விடப்பட்டது. யூசுப் கான் காவலில் வைக்கப்பட்டார். நல்ல வேளையாக விசாரித்தார்கள். விசாரணையில் சதி வெளிப்பட்டது. துபாஷியைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். அக்காலத் தண்டனை அத்தனை கொடியது. யூசுப் கான் மீண்டும் தம் வேலைக்குத் திரும்பினார். என் கருத்தில் அவர் வாழ்க்கையின் முக்கியமான நாட்கள் இவை. உயிரைக் கொடுத்து உழைத்தாலும் ஒரு துண்டுக் காகிதம் போதும், நம்மை ஐயுறுவார்கள் என்பதை அவர் அன்றே கண்டிருப்பார். கண்டும் ஒன்பது ஆண்டுகள் அதே எசமானரிடம் இருந்தார்.

1754 இறுதியில் இரு கம்பெனிகளும் உடன்பாட்டுக்கு வந்தன. திருச்சி விழவில்லை. லாரன்ஸின் பரிந்துரையின்பேரில் யூசுப் கான் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக, கமாண்டன்ட்டாக, ஆனார். நம் மக்கள் அந்தச் சொல்லைக் கம்மந்தான் என்று ஆக்கிக்கொண்டார்கள். கம்மந்தான் கான்சாகிபு என்றே நாட்டுப்புறத்தில் அவர் பெயர் நின்றது. தங்கப் பதக்கமும் கிடைத்தது. பொதுவாக எல்லாச் சிப்பாய்க்கும் பதக்கம் கொடுக்கும் வழக்கமே இல்லாத காலம் அது. ஒரு படையெடுப்பில் கலந்துகொண்டதற்காகச் சிப்பாய்களுக்குக் கம்பெனி பதக்கம் கொடுத்தது 1784இல்தான். இவர் பெற்றது இவருக்கென்றே செய்யப்பட்டது. எத்தனையோ சண்டைகளில் அவர் வாளேந்தினார் என்றாலும், அந்தப் பதக்கத்தின் எடையில் பாதியாவது பொதிமாடுகளுக்கு உரியது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு தெற்கே போனார். 1756 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் நவாபுக்காகவும் கம்பெனிக்காகவும் பாளையக்காரர்களை அடக்கி வரி வாங்குவது அவர் வேலை. இங்கே நாம் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. வெள்ளையரை எதிர்த்த முதல்வர்களில் ஒருவராக நாம் போற்றும் நெற்கட்டும்செவல் புலித்தேவருடன் ஆண்டுக்கணக்கில் போரிட்டவர் இவர். 1761இல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடித்து, புலித்தேவரை ஓடச் செய்தவரும் இவரே. யூசுப் கானை விடுதலை வீரர் என்று மேடையில் முழங்குவோர் இந்த ஐந்தாறு ஆண்டுகளை ஒரே மூச்சில் தாண்டிப் போய்விடுகிறார்கள். துரோகி என்று ஒதுக்குவோர் அடுத்த இரண்டு ஆண்டுகளைத் தாண்டிப் போகிறார்கள். இரண்டு தாண்டலும் எனக்கு உடன்பாடில்லை.

நடுவில் சென்னை அவரை அழைத்தது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். இதே லாலி அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு நம் தஞ்சாவூரை முற்றுகையிட்டு, முடியாமல் திரும்பியவர். யூசுப் கான் தெற்கிலிருந்து சிப்பாய்களோடு சென்று, கோட்டைக்கு வெளியே நின்றுகொண்டு, பரங்கிமலைப் பக்கமும் சுற்றுப்புறமும் லாலியின் படைக்கு உணவு வரும் வழிகளை அலைக்கழித்தார். திருச்சியில் உணவை உள்ளே கொண்டு சேர்த்த அதே கலை, இப்போது எதிரிக்கு உணவு சேராமல் தடுக்கப் பயன்பட்டது. ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் லாலி முற்றுகையை விட்டுப் போனார்.

மதுரைக்குத் திரும்பியவர், சீமையைக் குத்தகைக்கு எடுத்து ஆண்டார். அவரது ஆட்சி கடுமையானது, ஆனால் ஒழுங்கானது. கொள்ளை அடங்கியது. ஏரி குளங்களைச் செப்பனிட்டார், நெசவாளர்க்கு ஆதரவு தந்தார், மீனாட்சியம்மன் கோயிலுக்கு உரிய வருமானத்தை ஒழுங்குபடுத்தினார் என்று மதுரை வரலாறு எழுதியோர் குறிப்பர். மதுரைக் கான்சா மேட்டுத் தெருவும், கான்சாபுரம் என்னும் ஊரும் அவர் பெயரைத் தாங்கியவை என்பது மக்கள் நம்பிக்கை. மார்சா என்னும் போர்த்துக்கீசியக் கலப்பு மரபைச் சேர்ந்த கிறித்தவப் பெண்ணை மணந்திருந்தார். வேளாளராகப் பிறந்து, இஸ்லாமியராக வாழ்ந்து, கிறித்தவரை மணந்து, மீனாட்சி கோயிலைப் பேணிய ஒருவரை எந்தப் பெட்டியில் அடைப்பது?

பிணக்கு பணத்தில் தொடங்கியது. நவாப் முகம்மது அலி கம்பெனிக்குப் பெருங்கடன் பட்டிருந்தார். மதுரை தமக்குக் கீழ்ப்பட்டது, யூசுப் கான் தம் வேலையாள், பணம் தம் கைக்கே வர வேண்டும் என்றார். யூசுப் கானோ தாம் கம்பெனியின் ஆள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். சென்னைக் கவுன்சில், நீ நவாபின் ஆள் என்று தீர்மானித்தது. தங்கப் பதக்கம் கொடுத்தபோது தங்கள் ஆளாக இருந்தவர், கணக்குத் தீர்க்கும்போது மட்டும் நவாபின் ஆளாகிவிட்டார்! 1763இல் அவர் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மார்ஷான் என்ற பிரெஞ்சு அதிகாரி சிறு படையோடு அவரிடம் இருந்தார். ஆனால் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே பாரிஸ் நகரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் செய்துகொண்டுவிட்டார்கள். அவர் ஏற்றிய கொடிக்குப் பின்னால் உதவிக்கு வரக்கூடிய நாடு இல்லை.

1763 செப்டம்பரில் கம்பெனிப் படையும் நவாபின் படையும் மதுரையை வளைத்தன. நவம்பரில் மழையும் இழப்பும் அவர்களை விரட்டின. 1764இல் மேஜர் சார்லஸ் கேம்பெல் தலைமையில் மீண்டும் வந்தார்கள். ஜூன் 26ஆம் நாள் பெருந்தாக்குதல் நடந்தது. உடைத்த மதிலின்மேல் ஏறிய கம்பெனிப் படையை யூசுப் கானின் ஆட்கள் கீழே தள்ளினார்கள். மேஜர் பிரஸ்டன் படுகாயமுற்று இறந்தார். கம்பெனியின் சிறந்த படையை ஒரு தமிழர் தம் கோட்டை மதிலில் நேருக்கு நேர் தோற்கடித்த நாள் அது.

அதன்பின் கேம்பெல் மதிலைத் தொடவில்லை. சுற்றி வளைத்து, உணவு போகும் வழிகளை அடைத்துவிட்டுக் காத்திருந்தார். திருச்சியில் பசியை வென்றவரைப் பசியைக் கொண்டே வெல்லப் பார்த்தார்கள். வழி தெரிந்த ஆள் உள்ளே அடைபட்டிருந்தார். வெளியிலிருந்து பொதிமாடு ஓட்டிவர இன்னொரு யூசுப் கான் இல்லை. கோட்டைக்குள் தானியம் தீர்ந்தது. சிப்பாய்கள் இரவோடிரவாக மதில் இறங்கி ஓடத் தொடங்கினார்கள். எஞ்சியவர்கள் தங்கள் உயிரைப் பற்றி யோசித்தார்கள்.

அக்டோபர் 13ஆம் நாள் அவருடைய திவான் சீனிவாச ராவும் மார்ஷானும் வேறு சிலரும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டினார்கள். தொழுகையில் இருந்தபோது அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள் என்று மக்கள் சொல்வர். கோட்டையும் அவரும் கேம்பெல்லிடம் ஒப்படைக்கப்பட்டனர். கேம்பெல் அவரை நவாபிடம் ஒப்படைத்தார். பொய்க் கடிதம் ஒன்றுக்காகப் பத்தாண்டுக்கு முன் விசாரணை நடத்திய கம்பெனி, இம்முறை எந்த விசாரணையும் கேட்கவில்லை. 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டார்கள். நாற்பது வயதை ஒட்டிய பருவம்.

கயிறு இரண்டு முறை அறுந்தது என்றும் மூன்றாம் முறைதான் உயிர் போனது என்றும் ஒரு கதை உண்டு. நாடாவின் வலிமையையும் உடலின் எடையையும் வைத்து அதை ஆராய்வது என் பாடப்பிரிவுக்குப் பொருந்தும். ஆயினும் மக்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இறந்த பின்னும் அஞ்சி, உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்பதும் வழிவழிச் செய்தி. கைகள் பாளையங்கோட்டைக்குப் போயினவாம். கால்களுள் ஒன்று பெரியகுளத்துக்கு. தலை திருச்சிக்கு, அவர் தஞ்சை அரிசியைக் கொண்டுபோய்ச் சேர்த்துக் காத்த அதே ஊருக்கு.

கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடலாக அவர் நம் நாட்டுப்புறத்தில் வாழ்ந்தார். எஸ். சி. ஹில் என்ற ஆங்கிலேயர் 1914இல் அவரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். கலகக்காரர் என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தார் என்றாலும் நூல் முழுதும் அவர்மீது மதிப்புத் தெரிகிறது. 1997இல் மருதநாயகம் என்ற பெயரில் கமல்ஹாசன் ஒரு திரைப்படம் தொடங்கினார். தொடக்க விழாவுக்கு வந்த விருந்தினர் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்! படம் முடிவடையாமல் நின்றுபோனது.

அவரைப் புகழ்ந்து பதக்கத்துக்குப் பரிந்துரைத்த லாரன்ஸ் 1766இல் தாயகம் திரும்பி 1775இல் காலமானார். கம்பெனி அவருக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நினைவுச் சின்னம் எழுப்பியது. அதில் முற்றுகையிடப்பட்ட திருச்சியைச் சலவைக்கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். யூசுப் கானின் உடல் புதைக்கப்பட்ட சம்மட்டிபுரத்தில், 1808இல் ஷேக் இமாம் என்பவர் ஒரு சிறு பள்ளிவாசல் கட்டினார். கான்சாகிப் பள்ளிவாசல் என்பது அதன் பெயர். அந்த இடம் இப்போது மதுரை நகருக்குள்ளேயே வந்துவிட்டது.